தண்ணி குடிக்காமல் ஒரு சிட்டி டூர்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்கு மெட்ராஸைச் சுத்திக் காட்டினோம். சும்மா இல்லைங்க... கால் டாக்ஸி, கையில புளியோதரைப் பொட்டலம், முழுநாள் புரோகிராம்!

அண்ணின்னா என் வீட்டுக்காரரோட அக்கா. ஊர் லால்குடி பக்கம். அம்மா இல்லாத தம்பியை அம்மாவா இருந்து வளர்த்தவங்க. எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து 'வாங்க அண்ணி, வாங்க அண்ணி'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். அறுவடை, பேரனுக்குப் பரீட்சை, முழங்கால் வலின்னு ஏதாவது ஒண்ணு குறுக்கே வந்துடும். ஒருவழியா இந்த வருஷம் வந்தாங்க. அதுவும் எப்போ? மெட்ராஸே குடமும் கையுமா லாரித் தண்ணிக்குத் தவம் கிடக்கிற இந்த மே மாசத்துல!

திருவொற்றியூர்ல எங்க வீட்டிலேருந்து காலையிலேயே கிளம்பிட்டோம். மியூசியம், பாம்புப் பண்ணை, கபாலி கோயில், சாந்தோம், கடைசியா மெரினா. லால்குடிக்குத் திரும்பிப் போனா ஒரு மாசத்துக்கு அண்ணி இதையே பேசணும் - அதுதான் என் ஆசை.

ஆனா அண்ணி முகத்துல ஒரு சந்தோஷமும் காணோம்.

மியூசியத்துல திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே கூட்டமே வாயைப் பொளந்து நிக்குது. அண்ணி அண்ணாந்துகூடப் பார்க்கலை. மூலை முடுக்கா எதையோ தேடிக்கிட்டு வர்றாங்க. பாம்புப் பண்ணையிலேயும் அதே கதைதான். "அண்ணி, இளநீர்?" "வேண்டாம்மா." "மோர்?" "வேண்டாம்." தண்ணி பாட்டிலை நீட்டினேன், அதையும் கையால தள்ளிட்டாங்க. மெரினாவுல இவர் ஆசையா வாங்கி வந்த சுண்டலை அப்படியே மடியில வெச்சுக்கிட்டுக் கடலைப் பார்த்தாங்க. பார்த்தாங்கன்னுகூடச் சொல்ல முடியாது... கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாங்க.

எனக்கு உள்ளுக்குள்ள கோபம்தான். இவ்வளவு செய்யறோம், ஒரு 'நல்லாருக்கு' சொன்னா என்னவாம்?

திரும்பி வர்றப்போ ராயபுரம் தாண்டி, காசிமேடு தாண்டி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஏறினோம். எக்ஸ்பிரஸாம்! யார் வெச்ச பேரோ... அந்த மகராசன் ஒருநாள் சாயங்காலம் இந்தப் பக்கம் வந்து பார்க்கணும். ஹார்பருக்குள்ள போகக் காத்திருக்கிற கன்டெய்னர் லாரிங்க, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. எங்க டாக்ஸி நடுவுல மாட்டிக்கிச்சு. டிரைவர் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பீடியைத் தேட ஆரம்பிச்சுட்டார். 'இது இப்போதைக்கு நகராது'ன்னு அதுக்கு அர்த்தம். முன் சீட்டுல என் வீட்டுக்காரர் டிரைவர்கூடத் துறைமுக நிர்வாகத்தைப் பத்தி டிஸ்கஷன்ல இறங்கிட்டார்.

பின் சீட்டுல அண்ணி என் கையைப் பிடிச்சாங்க. சில்லுன்னு வேர்த்திருந்தது அந்தக் கை.

"காலையில உங்க வீட்டுல ஒண்ணுக்குப் போனதும்மா," காதுகிட்ட வந்து சொன்னாங்க. "ஒரு இடத்துல பூட்டு. ஒரு இடத்துல கால் வைக்க முடியலை. தம்பி இருக்கான், அந்த டிரைவர் வேற... எப்படிக் கேக்கிறது? இனிமே முடியாதும்மா. வண்டியிலேயே மானம் போயிடும் போலருக்கு."

அண்ணிக்குச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுறவங்க. அடிக்கடி போயே ஆகணும். அதுக்காகத்தான் காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி இல்லை, இளநீர் இல்லை!

பொம்பளைங்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. இதை நாம யார்தான் செய்யலை? கல்யாணம், கோயில், பஸ் பயணம்... எங்கே கிளம்பினாலும் முதல் காரியம் தண்ணியை நிறுத்துறதுதானே? இந்த ஊர்ல எதெது பார்க்கணும்னு ஆயிரம் போர்டு இருக்கு. பார்க்க வர்றவ எங்கே போவாள்னு எவனாவது யோசிச்சானா?

கதவைத் திறந்து அண்ணியை இறக்கிட்டேன். "ஏய், நடுரோட்டுல எங்கே போறீங்க?" - இது என் வீட்டுக்காரர். பதில் சொல்ல ஏது நேரம்?

ரோட்டுக்கு ஒருபக்கம் கருங்கல்லைக் கொட்டி வெச்ச கடற்கரை. இன்னொரு பக்கம் வரிசையா சின்னச் சின்ன வீடுங்க. முதல் வீட்டு வாசல்ல ஒரு பெண் காலிக் குடங்களை அடுக்கிக்கிட்டிருந்தாங்க. பேர் ஸ்டெல்லான்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

"இன்னாமா, பெரிம்மா மூஞ்சியே சரியில்ல? மயக்கமா வர்தா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அய்ய, இதுக்கா இம்மாந் தயக்கம்? உள்ள வா." அடுத்த விநாடி வீட்டுப் பின்பக்கமா ஒரு சத்தம் பாருங்க, கன்டெய்னர் டிரைவருங்க எல்லாம் எட்டிப் பார்த்திருப்பாங்க. "யோவ் லாரன்ஸு! வெளிய வாய்யா!"

தகரக் கதவுக்குப் பின்னாலேருந்து ஒரு ஆண் குரல். "சோப்பு போட்டுகினு கீறேன்மே!"

"போட்ட வரைக்கும் போதும், வா! பெரிம்மாவுக்கு அவசரம்!"

கதவு திறந்தது. தலையிலேருந்து தோள் வரைக்கும் வெள்ளை வெளேர்னு நுரை, இடுப்புல ஈர லுங்கி. ஹார்பர்ல வேலை முடிச்சு வந்து குளிச்சுக்கிட்டிருந்த மனுஷன். ஒரு கண்ணை மட்டும் லேசாத் திறந்து, "வாங்கம்மா, பாத்து... வழுக்கும்"னு சொல்லிட்டு வாசலுக்குப் போயிட்டார். முகத்துல ஒரு சுளிப்பு இருக்கணுமே? இல்லை.

அண்ணி உள்ளே போனாங்க. முழங்கால் வலிக்காரங்க, அதோட கூச்சம் வேற. வர நேரமாச்சு. தெருவுல லாரன்ஸ் நுரையோட நிக்கிறார். லாரி டிரைவர் ஒருத்தர் கிண்டல் பண்றார், "இன்னா தலைவரே, ஷூட்டிங்கா?" லாரன்ஸ் சிரிக்கிறார். சீக்கிரம் வரச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை அவர் வாயிலேருந்து வரலை.

அண்ணி வெளியே வந்தாங்க. முகத்துக்கு உயிர் வந்திருந்தது. "கழுவித் தள்ளிச் சுத்தமா வெச்சுட்டேம்மா"ன்னு ஸ்டெல்லாகிட்ட பெருமையாச் சொன்னாங்க. சுத்தம்னா அண்ணிக்கு உயிர். உள்ளே இருந்த பக்கெட் தண்ணியை ஒரு சொட்டு விடாம ஊத்திட்டாங்க!

ஸ்டெல்லாவோட கண் ஒரு விநாடி அடுக்கி வெச்ச காலிக் குடங்கள் மேல போச்சு. அப்பத்தான் எனக்குச் சுருக்குனு உறைச்சது. அன்னிக்குத் தண்ணி லாரி வரலை. லாரன்ஸ் தலைக்கு ஊத்திக்க இருந்தது அந்த ஒரு பக்கெட்தான். வீட்டுல மிச்சம், தட்டுப் போட்டு மூடின ஒரே ஒரு குடம்.

ஸ்டெல்லா அந்தக் குடத்துக்குக் கையைக் கொண்டுபோனாங்க.

"அத்த தொடாதமே, குடிக்கிற தண்ணி," வாசல்லேருந்து லாரன்ஸ். "எதுர்ல எம்மாம் பெரிய கடலு கீது. நமக்கு இன்னா பஞ்சமா?"

"உப்புத் தண்ணில சோப்பு போவாதுய்யா!"

"போற வரைக்கும் முங்கிகினு கீறேன்."

அண்ணிக்கு விஷயம் புரிஞ்சுடுச்சு. "ஐயோ தம்பி... தெரியாம ஊத்திட்டேனே, பாவி நான்"னு கையைப் பிசையறாங்க. அந்த மனுஷனோ லாரி சந்துல புகுந்து, கருங்கல் மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கிட்டார். ஸ்டெல்லா மூடின குடத்தைத் திறந்து ஒரு சொம்பு மொண்டு அண்ணிகிட்ட நீட்டினாங்க.

அண்ணி தயங்கினாங்க.

"குடி பெரிம்மா. திரும்ப வந்தா திரும்பப் போ. யாரு கேக்கப் போறா?"

அண்ணி குடிச்சாங்க. அன்னிக்குக் குடிச்ச முதல் தண்ணி. கண்ணு ரெண்டும் ரொம்பிடுச்சு, எனக்கும்தான். அண்ணி, ஸ்டெல்லா கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

அதுக்குள்ள முன்னாடி இருந்த லாரி நகர்ந்துடுச்சு. எங்க டிரைவர் ஹாரன் மேல ஹாரன். பின்னாடி இருக்கிற லாரிங்க சும்மா இருக்குமா? அதுங்களும் சேர்ந்துக்கிச்சு. ஓட வேண்டியதாப் போச்சு. டாக்ஸி கிளம்புறப்போ கருங்கல் இடைவெளியில பார்த்தேன், அலைக்குள்ள ஒரு தலை முங்கி முங்கி எழுந்துக்கிட்டிருந்தது. அண்ணி ஜன்னல் வழியா அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாங்க. அவர் எங்கே பார்த்திருக்கப் போறார்?

ராத்திரி லால்குடியிலேருந்து மருமக போன். "அத்தை, மெட்ராஸ்ல என்னென்ன பார்த்தீங்க?"

நான் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். திமிங்கிலம் வரும், கபாலி வருவார், மெரினா வரும்...

"ஒரு பிள்ளை தலை நிறைய சோப்போட எனக்காகத் தெருவுல நின்னுச்சும்மா," அண்ணி சொன்னாங்க. "அதைப் பார்த்தேன்."

லாரன்ஸ் அண்ணே, ஹார்பர்ல யாராவது இந்தப் பத்தியை உங்களுக்குப் படிச்சுக் காட்டுவாங்கங்கிற நம்பிக்கையில கேக்கறேன்... சோப்பு போச்சா?