பேனரிலிருந்து அறுத்த முகம்

"எண்ணின ஓட்டை உள்ளபடி சொன்னதுக்கா ஒரு டீச்சரைப் பிடிச்சு உள்ள போடுவாங்க?"

அருணாதேவி என்னிடம் இப்படிக் கேட்டாள். ஜனநாயகம் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் பதில் எழுதியிருக்கிறேன். அந்தப் பதிலில் இது வரவில்லை. அதனால் பதிலை விட்டுவிட்டு, எங்கள் பக்கத்து வீட்டுக்காரியான அவளுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அருணாதேவி கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆய்ந்து வளர்ந்த கை. கல்யாணமாகி வேங்கிக்காலுக்கு வாடகை வீட்டுக்கு வந்தாள். கணவர் மூர்த்திக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். செங்கம் ரோட்டில் ஆசிரமங்கள் இருக்கும் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வீடு எடுத்துத் தங்குவார்கள் அல்லவா, அந்த வீடுகளில் அவள் சமைத்து, பெருக்கி, துணி துவைத்துப் பிழைத்தாள். உப்பில்லாத கீரை, காரமில்லாத சாம்பார் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பயந்த சுபாவம். வீட்டு ஓனர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுவாள். போலீஸ் ஜீப் போனால், தான் எதுவும் செய்யாவிட்டாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக நிற்பாள்.

அவள் வேலை செய்த வீடுகளில் ஒன்று நீனாவின் வீடு. அது உண்மைப் பெயர் இல்லை. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான பெண்மணி. வந்து இரண்டு வருடத்தில் அருணாதேவியிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டாள். மற்ற வெளிநாட்டுக்காரர்கள் மாட்டைக் கண்டால் போட்டோ, மலையைக் கண்டால் போட்டோ என்று அலைவார்கள். நீனாவோ யாராவது போனைத் தூக்கினால் தூண் பக்கம் ஒதுங்கிவிடுவாள். கூச்சம் போலிருக்கிறது என்று அருணாதேவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அருணாதேவியின் தம்பி சுரேஷ்குமார் கோவாவில் ஓட்டல் வேலை பார்த்தவன். அங்கே பீட்சா போடக் கற்றுக்கொண்டு, ஊருக்கு வந்து செங்கல் அடுப்பு கட்டி ஒரு கடை போட்டான். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் வரும், அன்றைக்கே திறந்துவிடலாம் என்று நாள் குறித்தான். முந்தின நாள் மத்தியானம் ருசி பார்க்க அக்காவை அழைத்தான். கூடவே நீனாவையும் இட்டுக்கொண்டு வரச் சொன்னான். நம் ஊர் நாக்குக்கு அக்கா, வெளிநாட்டு நாக்குக்கு நீனாம்மா, இரண்டு பேரும் சரி என்றால் கடை ஓடிவிடும் என்பது அவன் கணக்கு.

பச்சைமிளகாயும் வெங்காயமும் பன்னீரும் போட்ட பீட்சா வந்தது. அருணாதேவி ஒரு துண்டைக் கடித்து இழுத்தாள். சீஸ் கைநீளத்துக்கு வந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விரலில் சுற்றிக்கொண்டாள்.

"நல்லாத்தான்டா கீது. ஊத்தப்பத்து மேல பாலாடையக் கொட்டி வெச்சா மாதிரி."

"யக்கா, ஊத்தப்பம்னு மட்டும் வெளிய சொல்லிடாத. நூறு ரூபா குடுத்து எவனும் வாங்க மாட்டான்."

நீனா வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அருணாதேவி பார்த்ததில்லை. சுரேஷ் அடுப்படியில் இருந்தபடியே செல்போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தான். நீனா கவனிக்கவில்லை. அருணாதேவி கவனித்தாள், சந்தோஷப்பட்டாள், அத்தோடு மறந்தும்விட்டாள்.

சுரேஷ் விறகு வாங்கப் போன பிறகு நீனா தானாகவே பேசினாள். கடைசியாகப் பீட்சா சாப்பிட உட்கார்ந்தது ஒரு தேர்தல் நாளன்று என்றாள். அவள் நாட்டில் அவள் பள்ளிக்கூட ஆசிரியை. அங்கேயும் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப்பதிவு, ஆசிரியர்கள்தான் எண்ணுகிறவர்கள். எண்ணி முடித்துவிட்டு எல்லாருக்குமாகப் பீட்சா வரவழைத்திருக்கிறார்கள். பீட்சாப் பெட்டியைத் திறக்கும் முன்பே தலைமை ஆசிரியர் வந்து, யார் பெயருக்கு எதிரே எவ்வளவு எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மேலே இருந்து போன் வந்ததாம். நீனாவும் இன்னொரு ஆசிரியையும் முடியாது என்றார்கள். வாசலுக்கு வந்து, காத்திருந்த ஜனங்களிடம் உண்மையான கணக்கைச் சொன்னார்கள். மறுநாள் காலையில் அந்த இன்னொரு ஆசிரியையை வீடு புகுந்து கூட்டிப்போனார்கள். இன்னும் வெளியே விடவில்லை. நீனா பஸ் பிடித்து எல்லை தாண்டிவிட்டாள்.

நீனாவின் அம்மாவும் தம்பியும் அங்கேயேதான் இருக்கிறார்கள். அக்கா உயிரோடு இருக்கிறாளா என்பதே எனக்குத் தெரியாது என்று அந்தத் தம்பி போலீஸ் ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறான்.

"நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சா, தம்பிய மறுபடி கேப்பாங்க" என்றாள் நீனா.

"கேப்பாங்கன்னா?"

நீனா கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டாள். 

அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அருணாதேவிக்கு அதே யோசனை. நம் ஊரிலும் ஆசிரியர்கள்தான் பூத்தில் உட்காருகிறார்கள். போன தேர்தலில் அவளும் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தாள், ஸ்டேட்டஸ் போட்டாள், அத்தோடு சரி. போன கோடையில் தண்ணீர் வரவில்லை என்று தெருப் பெண்களோடு காலிக்குடத்தை வைத்து வேங்கிக்காலில் ரோட்டை மறித்து உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் வந்து சத்தம் போட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் லாரி வந்தது. வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள். மறுநாள் யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டாததை ஒரு பெரிய விஷயமாக அவள் அதுவரை நினைத்ததே இல்லை.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் போய்க் கடை எதிரே இறங்கினாள். இறங்கினவள் அண்ணாந்து பார்த்தாள்.

கடை அகலத்துக்கு ஒரு பேனர். மேலே திறப்பு விழாவுக்கு வரும் கவுன்சிலர் இருசப்பன் கை கூப்பி நிற்கிறார். கீழே ஓரமாகச் சுரேஷ். இந்தப் பக்கம், சுரேஷைவிட இரண்டு மடங்கு பெரிதாக, வாயெல்லாம் சிரிப்பாக நீனா. 'எங்கள் பீட்சாவை ருசித்துப் பாராட்டிய வெளிநாட்டுச் சகோதரி' என்று மஞ்சள் எழுத்து. கிரிவலத்துக்கு வந்த நாலைந்து பையன்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சுரேஷைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாக்கா, நல்லா இல்லையா? அவங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கட்டும்னுதான் பெருசா போட்டேன்" என்றான் அவன்.

பொய் இல்லை. நம் ஊரில் ஒருவரைப் பிடித்துவிட்டால் வேறென்ன செய்வோம். பிறந்தநாளுக்குப் பேனர், பூப்புனித நீராட்டுக்குப் பேனர், செத்தால் கண்ணீர் அஞ்சலிப் பேனர். யாரையும் கேட்டுப் போடுவதில்லை. முகம் விட்டுப்போனால்தான் சண்டை வரும்.

அருணாதேவி அவன் காதில் விஷயத்தைச் சொன்னாள்.  பேனரைக் கழற்றிவிடலாம்தான். ஆனால் அதில் கவுன்சிலர் முகம் இருக்கிறது. அவர் வந்துகொண்டிருக்கிறார். கட்சிக்காரர் படம் போட்ட பேனரில் கை வைப்பது என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: காற்றில் கிழிந்த பேனருக்கே இரண்டு தெருக்களுக்குள் அடிதடி வந்திருக்கிறது. ஆள் கிழித்தான் என்றால் மறியல், ஸ்டேஷன், கேஸ். கடை திறக்கும் முன்பே மூட வேண்டியதுதான். அவர் திறந்துவைத்துவிட்டுப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான் சுரேஷ். அதற்குள் இன்னும் எத்தனை போன் அந்த முகத்தைக் கொண்டுபோகும் என்று கேட்டாள் அருணாதேவி. ரோட்டில் ஜனம் ஏறிக்கொண்டே இருந்தது.

அவள் குடமிளகாய் நறுக்கும் கத்தியை எடுத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.  காது ஓரத்தில் கத்தியைச் செருகி, தாடையைச் சுற்றி, நெற்றி வழியாக அறுத்தாள். எதிர்க் கடைக்காரர் டீயைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியைத் தாண்டும்போது கை நழுவி, கத்தி கவுன்சிலரின் கூப்பிய கைவரை ஒரு கோடு கிழித்துவிட்டது.  முகத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கவும் மேளச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

காரிலிருந்து இருசப்பன் இறங்கினார். அவருக்கு முன்னால் இறங்கிய ஆள்தான் முதலில் பார்த்தான்.

"யாரு கிழிச்சது?"

மேளம் நின்றது. சுரேஷ் அக்காவைப் பார்த்தான்.

"நான்தாண்ணே" என்றாள் அருணாதேவி.

"இன்னாமா தைரியம் உனக்கு. அண்ணன் கையையும் சேத்து அறுத்து வெச்சிருக்க."

உண்மையைச் சொன்னால் அது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அவள் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னாள்.

"அந்தம்மாவோட அம்மா நேத்து தவறிட்டாங்கண்ணே. தீட்டு. நல்ல காரியத்துல, அண்ணன் பக்கத்துல, அந்த மூஞ்சி இருக்கக் கூடாதுனுதான்."

இருசப்பன் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அருணாதேவி இடுப்பில் செருகிய சுருளைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"சரி விடு. ஒரு மாலையப் போட்டு மறைங்க. பொத்தலோட போட்டோ வந்தா எதிர்க்கட்சிக்காரன் ஒரு வாரத்துக்கு அதயே பேசினு கெடப்பான்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ரிப்பன் வெட்டினார், ஒரு துண்டு சாப்பிட்டார், காரம் கம்மி என்றார். கை கழுவிக்கொண்டே, சாயந்திரம் அந்தம்மா வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிக்கிறேன், எந்தத் தெரு என்று கேட்டார். அவர் போனால் மாலையும் போகும், போட்டோகிராபரும் போவான். அந்தம்மா அப்போதே ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று அருணாதேவி இன்னொரு பொய் சொன்னாள்.

சுரேஷ், பேனர் அடித்துக் கொடுத்த நசீர் அகமதுவுக்குப் போன் செய்து அந்தப் படத்தை அழித்துவிடச் சொன்னான். அவர் ஏன் என்று கேட்கவில்லை, உடனே அழித்தார். பிறகு தயங்கித் தயங்கி, தினம் அடிக்கிற டிசைனை எல்லாம் கடை ஸ்டேட்டஸில் வைப்பது வழக்கம், காலையில் அதையும் வைத்துவிட்டேன் தம்பி, இப்போது எடுத்துவிட்டேன் என்றார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சுரேஷ் கேட்டான். நிறைய என்றார்.

அருணாதேவி நீனாவின் வீட்டுக்கு நடந்தே போனாள். சுருளை மேசைமேல் விரித்துவைத்தாள். நடந்ததை எல்லாம், தீட்டு என்று சொன்னது வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னாள். நீனா சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நீனா தன் சிரித்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா செத்துட்டாங்கனு சொன்னியா?"

"வாய்ல வந்துடுச்சு மேடம். எனக்கு பயமா இருக்குது. ஒரு போன் பண்ணிப் பாருங்க, நல்லா இருக்காங்களான்னு."

"பண்ண முடியாது, அருணா. அந்த போனை அவங்களும் கேப்பாங்க."

 நீனா பையை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அருணாதேவி துணிகளை மடித்துக் கொடுத்தாள். எந்த ஊருக்கு என்று நீனா சொல்ல வந்தபோது, வேண்டாம் மேடம், என்கிட்ட சொல்லாதீங்க, யாராச்சும் அதட்டிக் கேட்டா நான் சொல்லிடுவேன் என்று அருணாதேவி காதைப் பொத்திக்கொண்டாள். கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நீனா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள்.

இப்போது பீட்சா கடை நன்றாக ஓடுகிறது. இருசப்பன் அந்தப் பக்கம் வந்தால், அந்தம்மா திரும்பி வந்தார்களா என்று அக்கறையாகத்தான் விசாரிக்கிறார். அருணாதேவி இன்னும் வரவில்லை என்கிறாள். வெள்ளைக் கார் ஒன்று தெருவில் நின்று விலாசம் கேட்டால் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். அந்தப் படம் எந்தப் போனில் இருக்கிறது, எந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, ஒன்றும் தெரியாது. அந்தத் தம்பியை யாராவது மறுபடி கேட்டார்களா, அந்த அம்மா இருக்கிறார்களா, அதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் முகம் தெரியாத அந்த வயதான அம்மாவுக்காக ஒரு விளக்கு ஏற்றுகிறாள். தான் சொன்னது பலித்துவிடக் கூடாது என்பதுதான் வேண்டுதல்.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள். கடை திறப்புக்கும் காதுகுத்துக்கும் பேனர் அடிக்கப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். நீனா எந்த நாட்டுக்காரி, இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், அது எழுதினவருக்கே தெரியாதாம் என்று சொல்லிவிட்டு, கதையை மட்டும் சொல்லுங்கள்.