நான் அசையவில்லை, லைட் அணையவில்லை

இது நடந்தது. எனக்கு நடந்தது. "பொண்ணு, இருட்டு, பயந்துட்டா, அவ்ளோதான்" என்று நினைக்கிறவர்கள் இங்கேயே மூடி வைத்துவிட்டுப் போகலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

நான் பயந்தாங்கொள்ளி கிடையாது. எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். வீட்டில் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. நான் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்தேன். இருட்டில் தனியாகக் கொல்லைக்குப் போய் மோட்டார் போட்டு வளர்ந்தவள். "அந்தப் புளிய மரத்துல ஒண்ணு இருக்குது" என்று யாராவது ஆரம்பித்தால், "இருந்தா தண்ணி பாய்ச்சச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

வேங்கிக்காலில் ஒரு கம்பெனியில் வேலை. கரண்ட் போனால் பேட்டரியில் எரியும் எமர்ஜென்சி லைட், ஆள் நடந்தால் தானாக எரியும் சென்சார் லைட், இவற்றை மாட்டிக் கொடுப்போம். மாட்டிக் கொடுப்பார்கள் என்று சொல்ல வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து என்னைப் பில் போடத்தான் உட்கார வைத்திருந்தார்கள். என்னோடு படித்து, பாதிப் பேப்பர் அரியர் வைத்த பையன்கள் எல்லாம் சைட்டுக்குப் போனார்கள். கத்திச் சண்டை போட்டுத்தான் ஒரு சைட் வாங்கினேன். அண்ணாமலையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். பேர் வேண்டாம்.

முதலாளி இளஞ்செழியன் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலைல ஃபயர் ஆபீஸ்ல இருந்து செக் பண்ண வராங்க அருணா. எல்லா லைட்டும் ஒழுங்கா எரியணும். ஒண்ணு சொதப்பினாலும் மறுபடியும் பில்லிங்தான். அப்புறம் என்கிட்ட வந்து கத்தக் கூடாது."

"சொதப்ப மாட்டேன் சார்."

வேலை லாட்ஜின் பேஸ்மென்டில். ஒரே ஒரு நீளமான நடை. ஒரு முனையில் துணி துவைக்கிற ரூம். இன்னொரு முனையில் படிக்கட்டு. படிக்கட்டுக்கும் நடைக்கும் நடுவே ஒரு இரும்பு ஷட்டர். வேறு வழி கிடையாது, ஜன்னல் கிடையாது. நடையின் கூரையில் வரிசையாக ஆறு சென்சார் லைட் மாட்டினேன். ஷட்டர் பக்கம் ஒன்று, துணி ரூம் வாசலில் ஆறு. ஆள் அசைந்தால் எரியும். அசைவு நின்று அரை நிமிடத்தில் அணைந்துவிடும். ஒவ்வொன்றுக்குள்ளும் தனி பேட்டரி. இது போக மூன்று எமர்ஜென்சி லைட். ஷட்டருக்கு மேலே, பச்சை வெளிச்சத்தில் ஓடுகிற மனிதன் படம் போட்ட 'வெளியே' போர்டு.

முதல் நாளே சில விஷயங்கள் சரியில்லை.

கூரை பளிச்சென்று புது வெள்ளையில் இருந்தது. ட்ரில் போட்டால் கறுப்புப் பொடி கொட்டியது. சிமெண்ட் தூள் இல்லை. புகைக்கரி. முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

"என்ன சார் இது, அடுப்பு எரிச்சீங்களா?" என்று மேனேஜர் தருமனிடம் கேட்டேன்.

"முன்ன ஜெனரேட்டர் இங்க இருந்துச்சு. இப்ப வெளிய மாத்திட்டோம். நீ உன் வேலையப் பாரு."

ஷட்டர் கீழ்ப்பக்கம் நெளிந்திருந்தது. முழங்கால் உயரத்தில், வரிசையாக. படியில் இறக்குகிற சாமான் இடித்தால் வெளியிலிருந்து உள்ளே குழியும். இது உள்ளிருந்து வெளியே குழிந்திருந்தது.

"வெளிய போற வழிக்கு ஷட்டர் போட்டுப் பூட்டுவீங்களா சார்? அப்புறம் எதுக்கு இந்த போர்டு?"

"பெட்ஷீட் திருடு போவுதும்மா. ரூல்ஸ் எல்லாம் எனக்கும் தெரியும்."

மூன்றாவது, ஆறாம் நம்பர் லைட். அது அணையவே இல்லை. மற்ற ஐந்தும் அரை நிமிடத்தில் அணைந்தன. துணி ரூம் வாசலில் யாரும் இல்லை. ஆனால் சென்சாருக்குள் சின்னச் சிவப்புப் புள்ளி விட்டு விட்டு மின்னியது. அசைவைப் பார்த்தால்தான் அது மின்னும். சென்சாரை மாற்றினேன். புதியதும் மின்னியது. வயரை மாற்றினேன். மின்னியது.

தருமன் சிரித்தார். "பொம்பளப் பசங்க மாட்டினா அப்படித்தான். சீக்கிரம் அணையாது."

ஸ்குரூ டிரைவர் கையில் இருந்தது. எறியவில்லை.

அன்று சாயங்காலம் அதுவாகவே அணைந்தது. நானும் விட்டுவிட்டேன்.

தீபத்தன்று மத்தியானத்துக்கு மேல் டவுனுக்குள் வண்டி விடவில்லை. வேங்கிக்காலிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்தேன். இளஞ்செழியன் சார் வரவில்லை. கடைசி டெஸ்ட் பாக்கி. மெயினை நிறுத்தினால் எமர்ஜென்சி லைட் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். லாட்ஜ் நிறைய ஆள் இருக்கும்போது மெயினை நிறுத்த விடமாட்டார்கள். ஆனால் தீபத்தன்று அவர்களே நிறுத்துவார்கள். அந்த லாட்ஜில் அதுதான் பழக்கம். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மெயினை இறக்கிவிட்டு, ரூம்காரர்கள், வேலைக்காரர்கள் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் கீழே விளக்கு.

எனக்கு அந்த நேரம் போதும் என்று கணக்குப் போட்டேன்.

வாட்ச்மேன் மணிவேல் ஷட்டர் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவர் மட்டும்தான் அங்கே மரியாதையாகப் பேசுவார்.

"ஐயா, நான் உள்ள இருக்கேன். டெஸ்ட் முடிச்சிட்டு வரேன்."

"சீக்கிரம் வந்துடும்மா. ஆறு மணிக்கு மேல உள்ள இருக்காத."

"ஏன்?"

 மேலே யாரோ கூப்பிட, எழுந்து போனார்.

மணி 5:40. துணி ரூமுக்குள் போனேன். யாரோ மெஷினில் துணி போட்டு ஓட விட்டுப் போயிருந்தார்கள். தடதடவென்று அதன் சத்தம். ஏணியில் ஏறி எமர்ஜென்சி லைட்டின் கடைசி ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

5:52. மெயின் போனது.

மெஷின் நின்றது. எமர்ஜென்சி லைட் மூன்றும் 'டப்'பென்று எரிந்தன. சரியாக எரிந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். போகவில்லை. தீபக் கூட்டத்தில் டவர் திணறும். சரி, மேலே போய் அனுப்பலாம் என்று வெளியே வந்தேன்.

ஷட்டர் இறங்கியிருந்தது.

ஓடிப்போய்த் தூக்கினேன். அசையவில்லை. வெளியே பூட்டு.

"ஐயா! மணிவேலய்யா! நான் உள்ள இருக்கேன்!"

 உள்ளங்கையால் அடித்தேன். ஸ்குரூ டிரைவரால் அடித்தேன். என் சத்தம் எனக்கே திரும்ப வந்தது. லாட்ஜ் மொத்தமும் ஐந்து மாடிக்கு மேலே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. தலைக்கு மேலே பச்சை மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். பூட்டிய ஷட்டரைப் பார்த்து.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. வெளியே போனதும் யார் யாரைத் திட்ட வேண்டும், எந்த வார்த்தையில் திட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது துணி ரூமில் இருந்த எமர்ஜென்சி லைட் மங்கியது.

மூன்று மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரி. நானே முந்தின நாள் முழுக்க சார்ஜ் போட்டது. நான் பார்க்கப் பார்க்க மஞ்சளாகி, சிவப்பாகி... போனது.

அடுத்து, நடுவில் இருந்தது.

அடுத்து, என் தலைக்கு மேலே இருந்தது. பச்சை மனிதனும் போய்விட்டான்.

நான் கையை அசைத்ததால் ஒன்றாம் நம்பர் சென்சார் லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. என்னைச் சுற்றி ஒரு பாய் அளவுக்கு வெளிச்சம். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

போனை எடுத்தேன். டார்ச் போட்டேன். ஒரு நொடி எரிந்தது. போன் அணைந்துவிட்டது. பாதிக்கு மேல் சார்ஜ் இருந்த போன்.

புகை வாசனை வந்தது. டீசல் புகை. ஜெனரேட்டர் வெளியே இருக்கிறது, அது ஓடவும் இல்லை. ஆனாலும் தொண்டை கரித்தது.

நடையின் அந்த முனையில்... ஆறாம் நம்பர் எரிந்தது.

யாரும் இல்லை.

எலி என்று சொல்லிக்கொண்டேன். பூனை. இந்த சென்சார் உடம்புச் சூடு நகர்ந்தால்தான் எரியும். சூடு இல்லாததை அது பார்க்காது. காலேஜில் படித்தது. மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஐந்தாம் நம்பர் எரிந்தது.

ஆறு அணைந்தது.

எலி இவ்வளவு மெதுவாக நடக்காது.

நான்கு.

தரையில் சத்தம். காலடி இல்லை. ஈரத் துணியை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி. ஸ்ஸ்ர்ர்... ஸ்ஸ்ர்ர்... நின்று, மூச்சு வாங்கி, மறுபடி.

மூன்று.

வெளிச்சம் இருக்கிறது. வெளிச்சத்தில் ஆள் இல்லை. தரை ஓடு தெளிவாகத் தெரிகிறது. நான் கண்ணைச் சிமிட்டவில்லை.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நான் நிற்கிற இடம்தான் வெளிச்சமாக இருக்கிறது. அது என்னைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறது. நான் அசையாமல் நின்றால் என் லைட் அணைந்துவிடும். இருட்டில் நான் இருப்பது தெரியாது.

அசையவில்லை.

முதுகை ஷட்டரில் ஒட்டினேன். கையை உடம்போடு சேர்த்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தேன். மனசுக்குள் எண்ணினேன்.

இரண்டாம் நம்பர் எரிந்தது.

பத்து... பதினைந்து...

இருபது...

இருபத்தைந்து... முப்பது...

என் லைட் அணையவில்லை.

நாற்பது. இரண்டாம் நம்பர் அணைந்தது. என்னுடையது...

அணையவில்லை.

கண்ணை மட்டும் மேலே உயர்த்தினேன். சென்சாருக்குள் சிவப்புப் புள்ளி. மின்னியது... நின்றது... மின்னியது.

நான் அசையவில்லை.

என் லைட்டுக்குக் கீழே வேறு ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

சோப்புத் தூள் வாசனை. ஈரத் துணி வாசனை. அதோடு புகை.

என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், ஷட்டரில்...

டக்.

களைத்துப்போன கை தட்டுகிற மாதிரி.

டக்... டக்...

நெளிந்திருந்த அதே இடம்.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

டக்...

"அரோகரா!"

ஊரே கத்தியது. அண்ணாமலையாருக்கு அரோகரா, அரோகரா என்று மாடி, தெரு, மலை எல்லாம் சேர்ந்து. மணி அடித்தது. வெடி வெடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடை முழுக்க விளக்கு வந்தது. துணி ரூமில் மெஷின் தடதடவென்று மறுபடி ஓடியது.

நடையில் யாரும் இல்லை. என் காலடியில், ஷட்டரை ஒட்டி, ஓடு மட்டும் ஈரமாக இருந்தது.

பூட்டைத் திறந்தது மணிவேல்தான். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. சாவிக் கொத்து கீழே விழுந்தது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் செக் பண்ண வந்தார்கள். எல்லா லைட்டும் அழகாக எரிந்தன. ரூம்காரர்கள் காலி செய்துபோன பிறகு, நான் இன்னொரு முறை மெயினை நிறுத்தச் சொல்லி, மூன்று மணி நேரமும் மாடிப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று கூட மங்கவில்லை. எல்லாம் சரி என்று என் கையெழுத்துதான் பாக்கி.

"இந்த ஷட்டர எடுங்க சார், போடறேன்" என்றேன் தருமனிடம்.

"லைட்டு மாட்ட வந்தியா, லாட்ஜ் நடத்த வந்தியா?"

"யார் சார் செத்தது இங்க?"

அவர் சிரிப்பு நின்றது. "யாரும் சாகல. போட இஷ்டமில்லனா போ. உங்க முதலாளி போடுவாரு."

முதலாளி போட்டார். நான் மறுபடி பில்லிங் மேஜையில் உட்கார்ந்தேன்.

மணிவேல் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஆறவில்லை. உள்ளே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவளை வைத்துப் பூட்டிய ஆள். நாலு வார்த்தை கேட்காமல் விடக் கூடாது என்று அவர் ஊர் அடி அண்ணாமலைக்கே போனேன். கிரிவலப் பாதையில் அவர் மகனின் இளநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்யா பூட்டினீங்க? நான் உள்ள இருக்கேன்னு சொன்னேன் இல்ல?"

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"போன வருஷம் தீபத்துக்கு மெயின எறக்குனதும் கேக்காம பூட்டிட்டேன்மா. தெனமும் பூட்டற மாதிரி பூட்டிட்டு மாடிக்குப் போயிட்டேன். துணி தோய்க்கற சந்திரகலா உள்ள இருந்தா. மெயின் போனா தானா ஓடற ஜெனரேட்டரு, அப்ப உள்ளயே ஓடிச்சு. மொத்தமும் புகை. தீபம் பாத்துட்டு வந்து தொறந்தா... ஷட்டர் பக்கத்துலயே கெடந்தா. எழுந்து நிக்க முடியாம, உக்காந்தமேனிக்கு தட்டிருக்கா. நெஞ்சு வலின்னு சொல்லி முடிச்சிட்டாங்க."

 திட்ட வைத்திருந்த வார்த்தை எதுவும் ஞாபகம் வரவில்லை.

"அதனாலதான் இந்த வருஷம் மூணு தடவ கத்திக் கேட்டேன்மா. அருணா, அருணா, உள்ள இருக்கியான்னு. மெஷின் சத்தத்துல உனக்குக் கேக்கல போல. உள்ள வந்து பாக்கலாம்னு கால வெச்சேன். அப்போ பின்னாடி, படிக்கட்டு மேலருந்து பொண்ணு கொரலு. 'எல்லாரும் மேல வந்துட்டோம்ணா, நீ பூட்டிக்கோ'ன்னு. நீதான்னு நெனச்சு, திரும்பிக்கூட பாக்காம பூட்டிட்டேன்."

"நான் உங்கள அண்ணான்னு கூப்பிட மாட்டேனேய்யா."

"தெரியும்மா" என்றார். இளநீர் சீவுகிற கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாதிப் படி ஏறின அப்புறம்தான் தெரிஞ்சுது. திரும்ப எறங்கி வர தைரியம் வரல. அந்த லாட்ஜுல என்ன அண்ணான்னு கூப்பிட்டவ அவ ஒருத்திதான்."