மூன்று தடவையும் முப்பத்திரண்டு

அஜீசாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்த லேப்காரன் மேல் ஆத்திரம்தான் முதலில் வருகிறது. குரோம்பேட்டையில் அவள் எங்கள் பக்கத்து வீடு. கணவர் ஹிதாயத்துல்லா ஜிஎஸ்டி ரோட்டில் பை தைக்கும் கடை வைத்திருந்தார். ஜிப் வைப்பது அஜீசாவின் வேலை. பல் சரியில்லாத ஜிப்பைத் தொட்டுப் பார்த்தே தூக்கிப் போட்டுவிடுவாள். நான் ஜெயசீலி, தாம்பரத்தில் நர்ஸ்.

2004-ல் ரத்த தானம் கொடுக்கப் போன இடத்தில் ஹிதாயத்துல்லாவுக்கு ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தது. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ரத்தத்துல வைரஸும் எஸ்ஜிபிடி அளவும் பாருங்க. எஸ்ஜிபிடி ஏறினா ஈரல் கெடுதுன்னு அர்த்தம், உடனே மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டர். அஜீசாவுக்குத் தொற்று இல்லை; மூன்று தடுப்பூசியும் நானே போட்டேன்.

தெருமுனை லேபில் மூன்று தடவை பார்த்தார்கள். மூன்று தடவையும் வைரஸ் பாசிட்டிவ், எஸ்ஜிபிடி 32. டாக்டர் காகிதத்தைப் பார்த்து "நார்மல்" என்றார். மஞ்சளடித்துக் கிடந்த கண்ணைப் பார்க்கவில்லை. நர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு நானும்தான் தலையாட்டினேன்.

அடுத்த டெஸ்டுக்கு நாள் வந்தது. "ஜெயசீலிக்கா, ஆளு பாதியா ஆயிட்டாரு, நம்பரு மட்டும் எப்டிக்கா அப்டியே கீது? எனக்கு ரத்தம் எடு. அவரு பேரை எழுது" என்று கையை நீட்டினாள் அஜீசா. எடுத்தேன். "அவரால வர முடியல, நர்சக்கா வூட்லயே எடுத்துக் குடுத்தாங்க" என்று சொல்லிக் குழாயை லேபில் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. தொற்றே இல்லாத அஜீசாவின் ரத்தத்துக்கு வைரஸ் பாசிட்டிவ். எஸ்ஜிபிடி 32. பாவிகள், ரத்தத்தைக் கொட்டிவிட்டுப் பழைய காகிதத்தையே தேதி மாற்றி அடித்திருக்கிறார்கள்!

மறுநாளே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கே எஸ்ஜிபிடி 214. ஈரல் சுருங்க ஆரம்பித்துவிட்டது, ஒரு வருஷம் முன்னாலேயே மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும் என்றார்கள்.

ரிப்போர்ட்டோடு லேபுக்குப் போனாள் அஜீசா. நானும் கூடப் போனேன். "இது என் ரத்தம்" என்று காகிதத்தை மேஜையில் வைத்தாள். முதலாளி பொன்னுசாமி அசரவில்லை.

"உங்க ரத்தமாம்மா? அப்ப உங்களுக்கும் தொத்திக்கிச்சு. உக்காருங்க, ஃப்ரீயா இன்னொரு தரம் பாத்துடலாம்" என்று ஊசியை எடுத்தான்.

அஜீசா பெஞ்சில் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணரை வருசமா எங்க வூட்டுக்காரரு ரத்தத்தை இவன் சாக்கடைல ஊத்திகினு இருந்தான். அவரு ஈரலு போச்சு. எழுந்து போங்க எல்லாரும்!"

ஏழு பேர் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்தவர் பொன்னுசாமியைப் பார்த்து, "எனக்கு நார்மல்தானே சார்?" என்று கேட்டார்.