லேசான லேப்டாப்புக்கு எதற்குக் கூடுதல் விலை?

கணினி விற்கிறவனை நம்பி யாரும் கடைக்குள் வருவதில்லை. பழுதானால் ஆளைப் பிடிக்க ஓர் இடம் வேண்டுமே என்றுதான் வருகிறார்கள். இதே தொழிலில் அல்லாடும் உங்களுக்கு இது தெரியாததல்ல. சிங்கப்பூர் வேலையை விட்டு, தொண்ணூறுகளின் நடுவில், நாற்பத்தேழு வயதில் சொந்த ஊரான ராசாவுக்குத் திரும்பி மச்சான் கடையில் லேப்டாப் விற்க நின்றேன். ஆங்கில விளம்பரத்தைத் தமிழில் சொல்லும்போதே பாதி பொய் என்று எனக்கே பட்டுவிடும்.

இரண்டு கை

அஞ்சலை அக்கா மம்பாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர். கூட வந்திருந்த மகள் கலாவுக்கு சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை. பகுதிநேரப் படிப்பின் கடைசி அறிக்கையை மாத முடிவுக்குள் கணினியில் அடித்துக் கொடுத்தால்தான் அவளுக்கு சூப்பர்வைசர் பதவி.

நான் எடுத்துக் காட்டிய இரண்டில் மலிவானது கனம். இரட்டிப்பு விலைக்காரன் லேசு. கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்த அக்கா என்னை முறைத்தார்.

“எங்க பால் எடை கொறைஞ்சா காசக் கொறைப்பாங்க. உங்க கடையில எடை கொறைஞ்சா காசு ஏறுதா தம்பி?”

பெட்டியில் எழுதியது

தோட்டத்து வீடுகளில் ஜெனரேட்டர் கரண்டு மாலையில் மட்டும். கலாவுக்கோ மாலை ஷிப்ட். காலையில்தான் உட்கார முடியும். பேட்டரி தாங்க வேண்டும். விலை கூடியதன் பெட்டியில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தது.

“ரெண்டு வயரையும் புடுங்குங்க,” என்று சொல்லி, குடையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார் அக்கா. மலிவானது ஒரு மணி நேரம் தாண்டியதும் கண்ணை மூடியது. மற்றது மூன்று மணி நேரம் ஓடியது. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

“நாலுன்னு எழுதி மூணு குடுக்குறான். இவன் பால் நிறுத்துக் கணக்கெழுதுற எங்க ஸ்டோர் கிராணிக்குத் தம்பியா?”

நல்ல யோசனை

மலிவானதோடு கூடுதலாக இரண்டு பேட்டரி வாங்கினால் அதே நேரம் ஓடும், அப்போதும் விலை குறைவு. இதை வாடிக்கையாளரிடம் சொல்லாதே என்பது மச்சானின் கட்டளை. கலாவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

அக்காவின் சந்தேகம் அப்போதுதான் முற்றியது. இரண்டு பேட்டரியையும் ஏற்றி, இறக்கி, சாயங்காலம்வரை சோதித்த பிறகே வாங்கினார்.

“விக்கிறவனே வெல கொறைஞ்சதக் காட்டுறான்னா, அதுல என்னமோ இருக்கு.”

தோள்

சில மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். அறிக்கை முடிந்து, பதவியும் கிடைத்துவிட்டது. “மெசின்ல கொறையே இல்ல அங்கிள். பேட்டரிதான் வாங்க வந்தோம்,” என்றாள் கலா.

புதுப் பதவிக்குத் தேவையென்று தினமும் அதை பஸ்ஸில் தொழிற்சாலைக்குத் தூக்கிப் போய் வருகிறாளாம். பையை இறக்கும்போது சட்டைக் கழுத்து விலகியது. வார் பதிந்த இடம் சிவந்து தடித்திருந்தது. அக்கா அதையே பார்த்தார். காண்டாக் கம்பின் இருமுனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்து காய்த்துப்போன தம் தோளை ஒரு கை தானாகத் தடவியது.

“வேணாம்லா அம்மா, இதுவே போதும்,” என்றாள் கலா, அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டு.

அக்கா என்னிடம் திரும்பினார்.

“இத எடுத்துக்கிட்டு அந்த லேசானதக் குடுங்க. ஆனா தராசுல நிறுத்துக் காட்டணும்.”

விலை கூடிய லேப்டாப் அந்த விலைக்குத் தகுமா என்று கேட்பவர்களை அன்று முதல் நான் பக்கத்து மளிகைக் கடைத் தராசுக்குத்தான் அழைத்துப் போகிறேன்.