டீச்சர் சாய்த்து வைத்த லென்ஸ்

ஐப்பசியின் முதல் மழை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கொட்டித் தீர்த்தது. பொன்மலையில் என் வீட்டு வாசலில் நின்று அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று நாளில் ஸ்ரீரங்கத்து வாழைத்தோப்பில் காளான் விரியும், கோமளவல்லி டீச்சர் படம் எடுப்பார், ஓராண்டாக என் நெஞ்சில் கிடக்கும் பாரம் இறங்கும். என் நினைப்பெல்லாம் அதுதான். மழை விடும் முன்பே டீச்சரின் தம்பி சேஷாத்ரி தொப்பலாக நனைந்தபடி சைக்கிளில் வந்து இறங்கினார். "அக்கா கார்த்தால போயிட்டா, ஆறுமுகம். பத்து நாளா காமாலை. உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னுட்டா, கவலைப்படுவேள்னு" என்றார். மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட என்னை எனக்கே பிடிக்காமல் போயிற்று.

நம் கேமரா சங்கத்து நண்பர்களுக்கு டீச்சரைத் தெரியும். பெண்கள் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். தெப்பக்குளத்துப் பக்கத்து மாடியில் ஞாயிறுதோறும் நாம் கூடுவோமே, அங்கே கோபுரம், காவிரி, கல்யாணக் கோலம் என்று நாம் படங்களைப் பரப்பினால், அவர் ஒருவர்தான் காளான் படங்களை வைப்பார். "இது குழம்புக்கா, கண்காட்சிக்கா டீச்சர்?" என்று முதல் நாளே வம்புக்கு இழுத்தவன் நான். "எங்காத்துல குழம்பும் வைக்க மாட்டா, வாசப்படி தாண்டவும் விட மாட்டா. அதான் படமாவது எடுக்கறேன்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். சிரித்ததெல்லாம் நாம்தான்.

அவர் சொன்னது விளையாட்டுக்கல்ல. காளானைத் தேடிப் போய்விட்டு வந்தால், கிணற்றடியில் தலைக்குக் குளித்த பிறகுதான் அவருடைய அம்மா உள்ளே விடுவார். கேமராவைக் குளிப்பாட்ட முடியாதே, அதனால் அது மாட்டுக்கொட்டகையில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் குடியிருந்தது. வேறு யாராவது என்றால் காளானைப் பறித்து வந்து மேசைமேல் வரிசையாக நிறுத்தி வசதியாக எடுத்துவிடலாம். டீச்சருக்கு அந்த வழி அடைத்துக் கிடந்தது. "அது நிக்கற இடத்துக்கு நாமதான் போகணும், அது நம்மாத்துக்கு வராது" என்பார்.

அவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு படத்துக்கு. தோப்பில் மக்கிக் கிடந்த ஒரு வாழைமரத்தின் மேல், முதல் மழைக்கு மூன்றாம் நாள், சாம்பல் நிறச் சின்னக் குடைகள் நீள வரிசையாக எழும். விடியலில் விரிந்து, பத்து மணிக்குள் ஓரம் கறுத்து மையாக வடிந்துவிடும். வருஷத்துக்கு அந்த ஒரு காலைதான். அந்த வரிசை முழுவதும், முன்னால் நிற்பது முதல் கடைசியில் நிற்பது வரை, ஒரே படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகப் படம் பெரிதாக்கும் கருவியின் லென்ஸ் ஒன்றை, சைக்கிள் ட்யூப் துண்டால் கேமராவோடு பிணைத்து, ஒரு பக்கம் மூங்கில் சிராய் செருகி வைத்திருந்தார்.

சென்ற ஆண்டு மழைக்குச் சில நாள் முன், ட்யூப் கிழிந்து வெளிச்சம் புகுகிறது, ஒட்டித் தாருங்கள் என்று என்னிடம் கொடுத்தார். நான் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். இருபத்திரண்டு வருஷமாகக் கோணலைக் கண்டால் நிமிர்த்துவதுதான் என் பிழைப்பு. லென்ஸ் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை ரப்பரின் தளர்ச்சி என்று நானே முடிவு செய்தேன். அவரைக் கேட்கவில்லை. பித்தளையில் ஒரு குழாய் கடைந்து, மயிரிழை பிசகாமல் நேராகப் பொருத்தி, ட்யூபையும் சிராயையும் குப்பையில் எறிந்தேன். மழைக்கு மூன்றாம் நாள் விடியலில் தோப்புக்கே கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினேன். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டேன், காரணம் புரியவில்லை. "ரொம்ப அழகாப் பண்ணியிருக்கேள், ஆறுமுகம்" என்றார்.

ஈரத்தரையில் சாக்கை விரித்து, குப்புறப் படுத்து எடுத்தார். சேஷாத்ரி குடை பிடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேமராவுக்குள் பார்க்கச் சொன்னார். முதல் குடை மட்டும் தெளிவாக இருந்தது. பின்னால் எல்லாம் புகை.

"ஏன் டீச்சர் இப்படி இருக்கு?"

"லென்ஸ் நேரா இருந்தா தெளிவு சுவர் மாதிரி நிக்கும். அதை ஒட்டி இருக்கறது மட்டும்தான் தெரியும். கொஞ்சம் சாய்ச்சா, அதே தெளிவு பாய் விரிச்சாப்பல படுத்துக்கும். வரிசை பூரா அதுமேல உக்காந்துக்கும்."

"அந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுட்டேனுங்களே" என்றேன்.

"போனாப் போறது. அடுத்த ஐப்பசி வராமயா போயிடும்?" என்றார்.

பத்து மணிக்குக் குடைகள் கறுத்து வடிந்தன. மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன்பின் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எந்தப் பக்கமும் சாய்கிற மாதிரி, சாய்த்த இடத்தில் திருகை முடுக்கினால் நிற்கிற மாதிரி, பித்தளையில் ஓர் இணைப்பு செய்ய முயன்றேன். நான்கு கெட்டுப்போயின. ஐந்தாவது ஆவணியில் சரியாக அமைந்தது. டீச்சர் கொட்டகைத் தரையில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துப் பழகினார். கடைசிக் கொட்டை வரை தெளிந்த அன்று, திருகை இறுக முடுக்கிவிட்டு, "இனிமே இதைத் தொடாதேங்கோ, இதான் கோணம்" என்றார். "நிமித்திட மாட்டேனுங்க" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

புதன்கிழமை விடியலில் ஸ்ரீரங்கம் போனேன். சேஷாத்ரி கொட்டகையிலிருந்து கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். "நான் இப்போ வரப்படாது. நீங்க போய் எடுத்துண்டு வாங்கோ" என்றார். தோப்பில் காளான் வந்திருந்தது. அதே சாக்கை விரித்துப் படுத்து உள்ளே பார்த்தேன். பதினேழு குடைகள். முதலாவதின் விளிம்பில் நின்ற நீர்த்துளியும் தெரிந்தது, கடைசிக் குடையின் கோடுகளும் தெரிந்தன. "டீச்சர், வந்திடுச்சுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிறகுதான் பொத்தானை அழுத்துமுன் ஃபிலிமை நகர்த்தும் பிடியை இழுத்தேன், சுருள் இழுபடும் கனமே இல்லை. கேமராவில் ஃபிலிம் இல்லை.

ஃபிலிம் சுருள் குதிரைக்கொம்பாக இருக்கிற காலம். வருஷத்துக்கு ஒன்றை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, மழை வந்த பிறகே டீச்சர் போடுவார். இந்த மழை வந்தபோது அவர் இல்லை. நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும், சேஷாத்ரியை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் முறையும் கேட்காமல் போனேன். கடைகள் திறக்கும் நேரத்துக்குள் எல்லாம் கறுத்துவிடும். எழுந்து ஓடவும் தோன்றவில்லை. அவை வடிந்து முடியும் வரை உள்ளேயே பார்த்துக்கொண்டு கிடந்தேன், அழுதேன்.

திரும்பி வந்தபோது சேஷாத்ரி வாசலிலேயே நின்றிருந்தார். "எடுத்தேளா?"

"பார்த்தேனுங்க. கடைசி வரைக்கும் தெரிஞ்சுது" என்றேன். அவர் கேமராவை வாங்கிக்கொண்டார். லென்ஸோடு அந்த இணைப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

இப்போது அது என் கருவிப்பெட்டியில் ஒரு துணிக்குள் இருக்கிறது. பணிமனையில் எதை நிமிர்த்தும் முன்பும், இது ஏன் சாய்ந்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுகிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். துணியைப் பிரித்தால் லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி இருக்கிறது. டீச்சர் முடுக்கிய அந்தத் திருகை நான் தொடவில்லை.