உப்பளத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மழைப் பாட்டு

தொடக்கப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருப்பவருக்கு முதலில் போவது தொண்டை, அடுத்துப் போவது பீரியட். என்னைப் போல வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்து ஓடும் பகுதிநேர டீச்சர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். நான் கீழ்புத்துப்பட்டிலிருந்து மரக்காணம் போய் வந்தேன். ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஒரு பாட்டையாவது உருப்படியாகப் பாடினால் பாட்டு வகுப்பு இருக்கும், இல்லாவிட்டால் அந்த நேரம் கணக்குக்குப் போய்விடும் என்று ஹெச்.எம். அம்மா சொல்லிவிட்டார். வகுப்பு போனால் என் வேலையும் போச்சு.

சத்தம்

மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் உப்பளத்துப் பிள்ளைகள். 'ஸ' என்றால் கூரை அதிரும். மெதுவாக, மெதுவாக என்று சொல்லிச் சொல்லி என் குரல்தான் மெதுவாகிப்போனது. எல்லாரையும் விடப் பெரிய தொண்டை ரெஜினாவுக்கு. வீட்டிலும் இப்படித்தான் கத்துவாயா என்று கேட்டேன். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்:

"மெதுவாக் கூப்ட்டா எங்க அம்மாவுக்குக் கேக்காது டீச்சர். அவங்க அந்தக் கோடி உப்புப் பாத்தியில இருப்பாங்க, காத்து வேற அடிக்கும்."

ஹார்மோனியம்

உப்புக் காற்றில் பள்ளிக்கூட ஹார்மோனியம் துருப்பிடித்து, ஒரு கட்டை அமுங்கியபடியே நின்றுவிட்டது. துருத்தியை அசைத்தாலே அது தானாக ஊளையிடும். பாண்டிச்சேரிக்கு ரிப்பேருக்குத் தூக்கிப் போக எனக்குத் தெம்பில்லை. அந்த ஊளையோடு சேர்த்தே வகுப்பு நடத்தினேன். வாயை மூடு என்று ஒருநாள் அதட்டியதில் முதல் வரிசை சதீஷ் நொந்துபோனான்.

"எங்கள மட்டும் சொல்றீங்க டீச்சர், அந்தப் பொட்டிய ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க."

மழைப் பாட்டு

விழாவுக்கு நானே ஒரு பாட்டு எழுதினேன். 'மழையே வா, மண் குளிர வா.' மழை பிடிக்காத பிள்ளை உண்டா என்ன? அது மாசி மாதம், உப்பு விளைகிற நேரம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல மழை ஒன்று பெய்தால் பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்துவிடும். பிள்ளைகளோ வீட்டிலும் அதே தொண்டையோடு மழையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலெல்லாம் உப்புப் பூத்த ஓர் அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். சண்டை போடுவார் என்று பயந்தேன். அவர் பணிவாகத்தான் பேசினார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர். ஐப்பசியில பாடச் சொல்லுங்க."

வெயில் பாட்டு

மழையை எடுத்துவிட்டு வெயிலை வைத்தேன். இரண்டே நாளில் உள்கிராமத்து விவசாயக் குடும்பத்து அம்மா ஒருவர் வந்தார். மல்லாட்டை, அதான் வேர்க்கடலைச் செடி, தண்ணீரில்லாமல் வாடும்போது, தன் மகன் வெயிலைக் கூப்பிட்டுப் பாடுவது அடுக்குமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, தலைவலிதான் வந்தது. ஹெச்.எம். அம்மா கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"மழையும் வேணாம், வெயிலும் வேணாம். ஆட்டுக்குட்டியப் பத்திப் பாட வைங்க, அதுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

ஆண்டு விழா

ஆட்டுக்குட்டிப் பாட்டில் முதல் சரணம் முடிவதற்குள் கடல் பக்கம் கருத்துவிட்டது. ஓர் இடி இடித்ததுதான் தாமதம், உப்பளத்துப் பெற்றோர் மொத்தமும் உப்புக் குவியலைக் கீற்றுப் போட்டு மூட ஓடினார்கள். பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். பயத்தில் குரல் அடங்கி, சுருதி அப்படியே சேர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்னும் ஒரு சரணம் பாடியிருந்தால் என் வேலை தங்கியிருக்கும். ஆனால் ரெஜினாவின் கண் அம்மா ஓடிய வாசலிலேயே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கையைக் காட்டி நிறுத்தி, அம்மாவிடம் ஓடுங்கள் என்றேன்.

திங்கட்கிழமை பாட்டு பீரியட் கணக்காகியிருந்தது. ஹெச்.எம். அம்மாவைக் குறை சொல்ல முடியாது, முன்பே சொன்னதைத்தான் செய்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ரெஜினா ஓடி வந்தாள்.

"மழ பெய்யாமலே போயிடுச்சு டீச்சர். மிச்சப் பாட்ட இப்ப பாடட்டா?"

பாட்டு டீச்சராக இருந்த காலத்தில் பிள்ளைகளை ஒரே ஒருமுறைதான் சுருதியோடு பாட வைத்தேன், அன்றைக்கும் பாதியில் நிறுத்தச் சொன்னது நானேதான்.