ஏழாம் பெட்டியின் முட்டைகள்

போர்ட் பிளேயரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நத்தை முட்டைகளின் அளவையும் சத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தேன். பெட்டிக்கு ஒரு நத்தை. முட்டைகளைப் பொறுக்கி எடை போட்டுத் தருபவர் கட்சால் தீவிலிருந்து வந்த செல்வி அக்கா.

ஒருநாள் ஏழாம் பெட்டி முட்டைகளில் சில மிளகளவு, சில அதில் பாதி. கோபம் தலைக்கேறி, இரண்டு பெட்டிகளைக் கலந்துவிட்டுப் பொய் சொல்லாதீர்கள் என்றேன்.

"ஜூட் சொல்லல மேடம், பொய்யே இல்ல. ஒரே நத்தை போட்டதுதான், பார்த்துட்டுத்தான் இருந்தேன். நான் பெத்த மூணும் ஒரே எடையிலயா பொறந்துச்சு?"

"படிச்சது நீங்களா, நானா?" என்று கத்தி, முட்டைகளைக் குப்பையில் கொட்டினேன். அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுமாதம் அதே நத்தை என் கண்ணெதிரே முட்டையிட்டது, பெரிதும் சிறிதுமாக. பிரித்துச் சோதித்தேன். சத்தும் வேறுபட்டது. நான் தேடியதையே குப்பையில் கொட்டியிருக்கிறேன்!

லம்பா லைன் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"முட்டை போனா போகட்டும் மேடம். நான் கண்ணால பார்த்ததைப் பொய்யின்னீங்களே, அதுதான் ஆறல" என்றார். வேலைக்குத் திரும்பவே இல்லை.

இப்போதெல்லாம் யார் எதைப் பார்த்ததாகச் சொன்னாலும் முதலில் போய்ப் பார்க்கிறேன். ஆனாலும் அன்று கத்தியதை நினைத்தால் என்மீதே ஆத்திரம் பொங்குகிறது.